இறால் மேல் போட்ட பழி

எங்கள் வாவி இறாலைச் சும்மா குறை சொல்லக் கூடாது. மட்டக்களப்பில் யாருக்கு உடம்பு தடித்தாலும், உடம்புக்கு ஆகாத கிரந்திச் சாப்பாடு என்று இறாலின் தலையில்தான் கட்டுவார்கள்.

சுனாமி முகாமில் என் தங்கச்சி யசோதினிக்கு முட்டு இழுத்து மூச்சுத் திணறியது. ஊசி போட்டார்கள். போட்ட கையோடு முகம் வீங்கி, உதடு நீலம் பாரித்து, ஆள் போய்த் திரும்பி வந்தாள். இறால் சொதி தின்றவள்தானே என்றது முகாம். வைத்தியர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"இறால் இல்லம்மா. இந்த ஹைட்ரோகோட்டிசோன் ஊசிதான் ஒத்துக்கொள்ளேல்ல. எங்க போனாலும் மறக்காமச் சொல்லுங்க."

அவளிடம் சொன்னேன். சிரித்தாள். "வருத்தத்துக்குப் போடுற மருந்து வருத்தம் தருமா அக்கா? விசர்க் கதை."

என் மகளை அலை கொண்டுபோயிருந்தது. யசோதினி தன் கைக்குழந்தை கம்சாயினியை என் மடியில் விட்டுவிட்டு, புருசனைத் தேடி வன்னிக்குப் போனாள். பிள்ளை என்னை அம்மா என்றாள். நான் சொல்லிக்கொடுக்கவில்லை. திருத்தவுமில்லை.

யுத்தம் முடிந்து, புருசனை இழந்து, எலும்பும் தோலுமாக யசோதினி வந்தாள். கட்டிப்பிடித்து அழுதேன். உண்மையான அழுகைதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "புள்ளையக் கூட்டிட்டுப் போகப்போறன் அக்கா" என்றாள். எனக்குப் பயமாக இருந்தது. இன்னொரு பிள்ளையையும் பறிகொடுக்க என்னால் முடியாது.

அந்தக் கிழமையே அவளுக்கு மறுபடி முட்டு. ஆட்டோவில் ஏற்றி நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அவளுக்குப் பேச்சு வரவில்லை.

"இவவுக்கு ஏதும் ஒத்துக்கொள்ளாதா?" என்று ஊசி போட வந்த தாதி மிஸ்ஸி கேட்டாள்.

"இறால், மிஸ்ஸி."

அதில் பொய்யில்லை. அவளே அப்படித்தான் நம்பினாள். அதே ஊசி ஏறும்போது என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தாள். சோறு பிசையும்போது அந்தப் பிடி இன்னும் தெரிகிறது. கையைக் கழுவிவிட்டுத் திரும்பவும் பிசைவேன்.

செத்தவீட்டில் இலட்சுமிப்பிள்ளை மாமி, "அந்த இறாலத் தின்னாத எண்டு எத்தனை தரம் சொன்னன்" என்று ஒப்பாரி வைத்தாள். நானும் ஓம் என்றேன். அவளுக்கு முட்டு இழுத்த அன்று எங்கள் வீட்டில் பூசணிக்காய்க் கறி.

இன்றைக்குக் கம்சாயினிக்கு முட்டு இழுத்தது. தாயின் வாகு பிள்ளைக்கும் வந்திருக்கிறது. வாட்டு டொக்டர் நல்ல மனிசன், ஆறுதலாக விசாரித்தார்.

"ஊசி ஒண்டு போடப்போறம். தாய்க்கு எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாமப் போயிருக்கா?"

தாய் நான்தானே.

"எனக்கு அப்பிடி ஒண்டுமில்ல, டொக்டர்" என்றேன்.