ரெண்டு நூல்

— டேப்பை அப்படி இழுக்காதே டெய்லரம்மா. இது உன் துணி டேப் இல்ல, இரும்பு. விரலை வெட்டிடும்.

— இருபது வருஷமா டேப் பிடிக்கிற கை இது. நீங்க உங்க பக்கத்தைப் பாருங்க. எதுவரைக்கும் இழுக்கணும்?

— இந்த வண்டியோட சேசிஸ் சட்டத்து நடுவுல ஒரு ஆணி இருக்கு பாரு, ரெண்டு டேப்பும் அதுலதான் மாட்டியிருக்கு. உன் டேப்பை பின் அச்சோட இடது முனைக்குக் கொண்டா. நான் வலது முனைக்கு. ரெண்டு அளவும் ஒண்ணா இருக்கணும். அவ்ளோதான்.

— இல்லன்னா?

— இல்லன்னா வண்டி மூஞ்சியை ஒரு பக்கம் வச்சுக்கிட்டு இன்னொரு பக்கமா நகரும், நண்டாட்டம்.

— முன்பக்கத் துணியைக் கோணலா வெட்டிட்டா பட்டன் போட்டதும் சட்டை இழுக்குமே, அப்படியா?

— அதே. இந்த நாலு ராடுதான் அச்சையே பிடிச்சிருக்கு. முனையில மரை இருக்கு, திருகினா ராடு நீளும், குறையும். அளவு சரியானதும் முழு வெல்டிங் வைக்கலாம். இப்போதைக்கு அங்கங்க ஒரு பொட்டு வச்சிருக்கேன்.

— ஓட்டுத்தையல்னு சொல்லுங்க.

— சரி, ஓட்டுத்தையல். உன் பக்கம் என்ன?

— நாப்பத்தாறு இஞ்சு, ரெண்டு நூல்.

— அடேங்கப்பா, நூல் கணக்கெல்லாம் வருது!

— என்கிட்டயே நூலைப் பத்திப் பேசுறீங்களா? ஒரு இஞ்சுக்கு எட்டு நூல்னு கல்யாணமான புதுசுல நீங்க சொன்னப்போ, என்ன நூல், எந்த கலர்னு கேட்டவ நான். உங்க பக்கம் எவ்ளோ?

— இங்கயும் நாப்பத்தாறு, ரெண்டு நூல். பாத்தியா, முதல் தடவையே கச்சிதமா வந்துடுச்சு!

— இருங்க இருங்க, டேப் முறுக்கிக்கிச்சு. மறுபடி பாக்குறேன்... கேளுங்க, நாப்பத்தேழு.

— நாப்பத்தேழா? ம்... ஆமா, இங்கயும் நாப்பத்தேழுதான். முதல்ல தப்பாப் படிச்சுட்டேன் போல.

— இந்தப் பக்கம் நாப்பத்தாறு, ரெண்டு நூல்தாங்க. நாப்பத்தேழுன்னு நான் சும்மா சொன்னேன்.

— கடைக்குப் போய் வெல்டிங் ராடு வாங்கிட்டு வந்துடுறேன்.

— எழுந்து போகாதீங்க. இப்படி வந்து என் பக்கத்துல உக்காருங்க.

— தரையெல்லாம் இரும்புத் தூள்.

— இருக்கட்டும். உங்க பேன்ட் பை கிழிஞ்சிருந்துச்சுன்னு தைக்க எடுத்தேன். உள்ளே கண் டாக்டர் எழுதின சீட்டு இருந்துச்சு. நீங்களாச் சொல்வீங்கன்னு ஒன்பது நாளா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்.

— படிச்சுட்டியா?

— பாதி புரியல. வண்டி ஓட்டவே கூடாதுங்கிறது மட்டும் நல்லாப் புரிஞ்சுது. எவ்ளோ நாளா இப்படி?

— டாக்டரைப் பாத்து ஏழு மாசம் ஆச்சு. நடுவுல மட்டும்தான் புகை மாதிரி. ஓரமெல்லாம் பளிச்சுன்னு தெரியுது. உன்னைக்கூட ஓரக்கண்ணால பாத்தா முழுசாத் தெரியுற.

— கல்யாணத்துக்கு முன்னாடியும் அப்படித்தான் பாத்தீங்க. பேச்சை மாத்தாதீங்க. எனக்கு பயமா இருக்குங்க. வண்டி முடிஞ்சதும் மேட்டு ஏரிக்குப் போறோம்னு எதிர்ல வர்றவங்ககிட்டல்லாம் சொல்லி வச்சிருக்கீங்க. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். அந்தப் பாதையில நீங்க ஸ்டியரிங் பிடிச்சா...

— ஏரியைப் பாக்கணும்னு ஆசைப்பட்டது நீதானே.

— ஆசைப்பட்டேன். நாலு வருஷம் முன்னாடி போனப்போ நம்ம வேன் பாதி வழியில மாட்டிக்கிச்சு, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்தே இறங்கி வந்தோம். அந்த ஆசையையும் அங்கயே இறக்கி வச்சுட்டேன். எனக்கு ஏரி வேணாம், நீங்க வேணும்.

— அன்னைக்கு இறங்கி வர்றப்போ உன் முகம் போன போக்கு எனக்கு மறக்கவே இல்ல. அந்த மேட்டுல ஏறுற மாதிரி ஒரு வண்டி கட்டணும்னுதான் நாலு வருஷமா இந்த இரும்போட மல்லுக்கட்டுறேன்.

— வண்டியை விடச் சொல்லல. முடிப்போம், நானும் கூட நிக்கிறேன். ஆனா ஓட்ட மாட்டேன்னு எனக்கு வாக்குக் கொடுங்க.

— முதல்ல என் பக்கத்து அளவைப் பாத்துச் சொல்லு.

— இப்படித்தான் நழுவுவீங்க. நாப்பத்தாறு... அஞ்சு நூல்.

— அப்போ வலது பக்கம் மூணு நூல் பின்னாடி போயிருக்கு. ராடைக் குறைக்கணும். நீ படிச்சுச் சொல்லிக்கிட்டே இரு, நான் திருகுறேன். மரையைத் திருக விரல் போதும், கண் எதுக்கு?

— அஞ்சு... நாலு... மெதுவா... மூணு... இன்னும் கொஞ்சம்... போதும், போதும்! ரெண்டு நூல்.

— நெஜமாவா, இல்ல சும்மாவா?

— சத்தியமா. இடது பக்கமும் பாத்துட்டேன், ரெண்டும் ஒண்ணு.

— நட்டை இறுக்கிட்டேன். முழு வெல்டிங்கை உன் தம்பி வந்து வைக்கட்டும்.

— அப்பாடா! இதையாவது ஒத்துக்கிட்டீங்களே.

— இன்னும் ஒண்ணு பாக்கி. ஓட்டறவங்க எடை ஏறினா ஸ்பிரிங் அமுங்கி அச்சு கொஞ்சம் நகரும். அந்த எடையோட கடைசியா ஒரு தடவை அளக்கணும். ஏறி டிரைவர் சீட்ல உக்காரு.

— இந்த வயசுல என்னை ஏணி ஏற விடுறீங்க... அட! நம்ம வேனை ஓட்டுறப்போ தலகாணி போட்டாத்தான் எனக்கு ரோடு தெரியும். இதுல சும்மாவே தெரியுது. கிளட்ச் பஞ்சு மாதிரி இருக்கு. காலும் சரியா எட்டுதே!

— ஆடாம உக்காரு. அளவு மாறிடும்.

— மாறத்தாங்க செய்யும். கேளுங்க, நீங்க எழுபத்தெட்டு கிலோ. நான் அம்பத்திரெண்டு. என்னை உக்கார வச்சு அளந்தா எல்லாமே தப்பா வராதா?

— வராது. டாக்டர்கிட்டேருந்து வந்த மறுநாளே சீட், பெடல், ஸ்பிரிங் எல்லாத்தையும் அம்பத்திரெண்டு கிலோவுக்கு மாத்திட்டேன், டெய்லரம்மா.