மூணாவது கதவுக்குப் பின்னால சாம்பியன்

– புவனேஸ் அண்ணே, கதவத் தொறங்க லா. ஃபைனலுக்கு மொத தடவ கூப்புட்டாச்சு.

– வயிறு சரியில்ல குகன்.

– பத்து நிமிஷத்துக்கு முந்தி வாசல்ல நின்னு ரெண்டு பொட்டலம் நாசி லெமாக் தின்னீங்களே, அப்ப நல்லாத்தான இருந்துச்சு?

– அதான் இப்ப சரியில்ல.

– அண்ணே, அங்க ஹைதர் பாய் கோர்ட்டுல எறங்கி குதிச்சுக்கிட்டு இருக்காரு. கடைய மூடிட்டு பன்னெண்டு பேரக் கூட்டிட்டு வந்திருக்காரு. ரொட்டி போடுற ஆளு தாளம் தட்டிக்கிட்டு நிக்கிறாரு. நாப்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்க பிரிவுல மூணு வருஷமா அந்த மனுஷன்கிட்டதான் ஃபைனல்ல தோக்குறீங்க. இன்னிக்கிப் பாத்தா டாய்லெட்டுல போயி உக்காருவீங்க?

– விஷயம் என்னன்னா, இன்னிக்கி ஃபைனல்னு வயித்துக்குத் தெரியாது.

– காலைல ஆறு மணிக்கு வாட்ஸ்அப்ல என்னா போட்டீங்க? இருங்க, படிக்கிறேன். "காலு நடுங்குனா நடுங்கட்டும். ஆனா கோர்ட்டுக்குள்ள நின்னு நடுங்கு. இப்படிக்கு கோச் புவனேஸ்வரன்." கீழ ஒரு சிங்கம் படம் வேற.

– அது பிள்ளைங்களுக்குப் போட்டது.

– அந்தப் பிள்ளைங்க பதினாறு பேரும் மேல உக்காந்திருக்காங்க. உங்க சனிக்கிழம கிளாஸ் மொத்தமும் வந்திருக்கு. பேனர் கட்டியிருக்காங்க அண்ணே. உங்க மூஞ்சியப் போட்டு "மைண்ட் ஸ்ட்ராங்"னு எழுதி.

– பேனரா? எந்த போட்டோ?

– நீங்க வாயத் தொறந்துக்கிட்டு ஷட்டில அண்ணாந்து பாக்குற போட்டோ.

– அலமாக்.

– சீக்கிரம் வாங்க. டேபிள்ல இக்மல் இருக்காரு, கறாரான ஆளு. மூணு தடவ கூப்புட்டு வரலன்னா வாக்ஓவர். கப்ப அப்புடியே தூக்கி ஹைதர் பாய் கையில குடுத்துருவாரு.

– குடுக்கட்டும்.

– என்னாது?

– குடுக்கட்டும்னேன்.

– அண்ணே, உங்களுக்கு வயிறு சரியில்லயா, மண்ட சரியில்லயா? நான் அக்காவக் கூப்புடுறேன்.

– டேய், அவளக் கூப்புடாத! இது ஆம்பளைங்க டாய்லெட்!

– உங்களத் தவிர உள்ள ஒரு ஈ காக்கா இல்ல. அக்கா! லோகேஸ்வரி அக்கா! இங்க வாங்க, உங்க வீட்டுக்காரர வந்து பாருங்க!

– என்னா தம்பி, டேவான் ஹால் முழுக்க கேக்குற மாதிரி கத்துறீங்க? எங்க இவரு?

– மூணாவது கதவுக்கா. வயிறு சரியில்லயாம்.

– பொய்யி.

– எப்புடிக்கா தெரியும்?

– இவருக்கு நெஜமா வயிறு வலிச்சா சாமி பாட்டு பாடுவாரு. கல்யாணமாயி இருபத்தோரு வருஷமா கேக்குறேன். இப்ப சத்தமே காணோம். இருங்க, குனிஞ்சு பாக்குறேன். ஏங்க, சிலுவாரக்கூட எறக்காம சும்மா உக்காந்திருக்கீங்க?

– லோகா, கீழ குனிஞ்சு பாக்காத!

– சரி, பாக்கல. என்னா செஞ்சு வச்சீங்க, சொல்லுங்க.

– ஒன்னும் செய்யல.

– நேத்து செமி ஃபைனல் முடிஞ்சதுலேர்ந்து ஒரு மாதிரியாத்தான் இருக்கீங்க. சோறு திங்கும்போது ராக்கெட்ட மடியில வச்சுத் தடவிக்கிட்டு இருந்தீங்க. குழம்பு ஊத்துனதுகூடத் தெரியல.

– விஷயம் என்னன்னா... நேத்து கடைசி கேம்ல அந்த பட்டர்வொர்த் ராமதாஸ் இருபது, நான் பதினேழு. ஞாபகம் இருக்கா குகன்?

– மறப்பேனா? நாங்கெல்லாம் பைய மாட்டிக்கிட்டுக் கெளம்பிட்டோம். அப்புறம் வரிசையா அஞ்சு பாயிண்ட் எடுத்தீங்களே! எனக்கு இப்பக்கூட புல்லரிக்குது அண்ணே. இதுதான்டா மனோபலம்னு பிள்ளைங்களுக்கு அரை மணி நேரம் லெக்சர் குடுத்தீங்க.

– அது மனோபலம் இல்ல. முருகன்.

– எந்த முருகன்? ஸ்டோர்ல வேல செய்யிறவரா?

– தண்ணீர்மல முருகன்டா! ஷூ லேஸு கட்டுற மாதிரி குனிஞ்சு வேண்டிக்கிட்டேன். முருகா, இந்த மேட்ச்சயும் நாளைக்கி ஃபைனலயும் ஜெயிக்க வச்சிரு. கப்பு கைக்கு வந்துச்சுன்னா எனக்கு ரொம்பப் பிடிச்சத விட்டுடுறேன்னு.

– ரொம்பப் பிடிச்சதுன்னா... ரொட்டி சானாயா?

– இல்ல.

– தே தாரிக்?

– இல்ல லா.

– கொஞ்சம் இருங்க தம்பி. ஏங்க, ரொம்பப் பிடிச்சதுன்னா, என்னய வச்சா வேண்டுனீங்க?

– ஐயோ, உன்ன இல்ல லோகா!

– நான் இல்லயா?

– சத்தியமா நீ இல்ல!

– அப்ப உங்களுக்கு ரொம்பப் பிடிச்சது நான் இல்ல.

– குகன், நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு.

– நான் இதுல வரல அண்ணே. எனக்கும் குடும்பம் இருக்கு.

– பேட்மின்டன வச்சு வேண்டுனேன்! கப்பு ஜெயிச்சா பேட்மின்டன விட்டுடுறேன்னு வாய விட்டுட்டேன். போதுமா? அவன் மூணு மேட்ச் பாயிண்ட் வச்சிக்கிட்டு சர்வீஸ் போடப் போறான், அந்த நேரத்துல வாயில வேற என்னா வரும்?

– பேட்மின்டனயா? மொத்தமாவா? ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு சொல்லலயா?

– டைம் சொல்லத் தோணல.

– அண்ணே, கதவத் தொறக்காதீங்க.

– என்னா தம்பி, இவ்ளோ நேரம் தொற தொறன்னு அடிச்சீங்க?

– அக்கா, அண்ணன் விட்டுட்டாருன்னா வாரத்துல நாலு நாளு நான் யாருகூட ஆடுறது? அண்ணே, நீங்க உள்ளயே இருங்க. வாக்ஓவர் ஆகட்டும். வேணும்னா நான் போயி இன்னொரு நாசி லெமாக் வாங்கிட்டு வந்து கீழ தள்ளி விடுறேன்.

– அதத்தான்டா நானும் கணக்குப் போட்டேன். போயி ஆடுனா ஜெயிச்சாலும் ஜெயிச்சுருவேன், ஹைதர் பாய்க்கு மொழங்கால் சரியில்லன்னு கேள்வி. ஆடாம இருந்தா நான் ஜெயிக்கவும் இல்ல, தோக்கவும் இல்ல. முருகனுக்கும் என்கிட்டக் கேக்க ஒன்னும் இல்ல.

– இதுக்கு கோர்ட்டுல எறங்கித் தோத்துட்டு வந்துரலாமே. மூணு வருஷமா செஞ்சதுதான?

– வேணும்னே தோக்க முடியாது லோகா.

– ஏன் முடியாது?

– போன மாசம் ஒரு மேட்ச். நம்ம கிளாஸ் சுஹானா இருக்கால்ல, பத்து வயசுப் புள்ள. ஷட்டில் அவ தலமுடியில பட்டுட்டு வெளிய போயிருச்சு. அம்பயர் பாக்கல. யாரும் பாக்கல. அவளே கையத் தூக்கி, "என் மேல பட்டுச்சு"ன்னா. அந்த ஒரு பாயிண்டுல தோத்துட்டா. தேம்பித் தேம்பி அழுதா. நான் என் தொப்பியக் கழட்டி அவ தலயில மாட்டுனேன். அந்தப் புள்ள மேல உக்காந்திருக்கு, அந்தத் தொப்பியப் போட்டுக்கிட்டு. அவ பாக்க நான் வேணும்னே நெட்டுல அடிக்கவா?

– அதுக்குன்னு டாய்லெட்டுல ஒளிஞ்சா சரியா?

– இத அவ பாக்க முடியாதுல்ல.

– நல்ல ஞாயம் அண்ணே. ரெண்டாவது தடவ கூப்புடுறாங்க, கேக்குதா? அப்புடியே இருங்க, அசையாதீங்க. அக்கா, இப்புடிச் செஞ்சா என்னா? பேட்மின்டனத்தான விடணும். பிக்கிள்பால் ஆடலாம்ல? இப்ப ஊருல எல்லாரும் அதத்தான் ஆடுறாங்க.

– அகப்பைய வச்சிக்கிட்டு ஆடுறதெல்லாம் ஒரு ஆட்டமா? விஷயம் என்னன்னா குகன், நான் பன்னெண்டு மணி நேரம் பாயான் லெப்பாஸ் ஃபேக்டரில முக்காடு, மாஸ்க்கு, கண்ணாடின்னு மாட்டிக்கிட்டு மெஷினயே பாத்துக்கிட்டு நிக்கிறேன். ஒருத்தனுக்கும் என் மூஞ்சி தெரியாது. கோர்ட்டுல எறங்குனாத்தான் நான் ஒரு ஆளு. அதயும் விட்டுட்டா நான் என்னா செய்யப் போறேன்? எனக்கு பயமா இருக்கு லா.

– தம்பி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. நான் பேசுறேன்.

– அக்கா, வேணாம்கா. வாக்ஓவர்ல முடியட்டும்.

– தள்ளி நில்லுங்க. ஏங்க, கேக்குதா?

– ம்.

– சனிக்கிழமயானா பிள்ளைங்கள வரிசையா நிக்க வச்சு என்னா சொல்லிக் குடுப்பீங்க? நான் துணி காயப் போட்டுக்கிட்டே மாடியிலேர்ந்து கேப்பேன். ஜெயிக்கிறதுக்கு ஆடல, ஒழுங்கான ஆளா ஆகுறதுக்கு ஆடுறோம்னு சொல்வீங்க. கோர்ட்டுல ஒரு பேச்சு வெளிய ஒரு பேச்சு வச்சிக்காதன்னு சொல்வீங்க. நான் மனசுக்குள்ள சிரிச்சிருக்கேன். ஆனா அந்த சுஹானா புள்ள அத நம்பித்தான் கையத் தூக்குச்சு.

– ம்.

– வேண்டுனது வேண்டுனதுதான். நேத்து அஞ்சு பாயிண்ட வாங்கும்போது இனிச்சுச்சுல்ல? குடுக்கும்போது மட்டும் டாய்லெட்டுக்குள்ள பூந்துக்கிட்டா எப்புடி? முருகனுக்கு இந்தக் கதவு ஒரு கதவா?

– நீ சொல்றது சரிதான் லோகா. ஆனா...

– ஆனா ஆவன்னா எல்லாம் வேணாம். போங்க. உசுரக் குடுத்து ஆடுங்க. ஜெயிச்சா ராக்கெட்டக் கொண்டுபோயி சாமி கால்ல வச்சிட்டு நிமிந்து நடந்து வாங்க. அப்பத்தான் பிள்ளைங்களுக்கு சொன்னது சொன்ன மாதிரி இருக்கும். அதுக்கப்புறம் என்னா செய்யிறதுன்னு பயப்படாதீங்க. வீட்டுல நான் இருக்கேன்ல.

– அக்கா, என்னாக்கா நீங்க, எனக்கே அழுக வருது. அண்ணே, தொறக்காதீங்க. அக்கா பேச்சுல மயங்காதீங்க. அண்ணே! ஐயோ, தொறந்துட்டாரு.

– லோகா, நீ இவ்வளவு நல்லாப் பேசுவேன்னு எனக்குத் தெரியாம போச்சு. இருபத்தோரு வருஷம் வீணாக்கிட்டேன்.

– சரி சரி, மூஞ்சியக் கழுவுங்க. நாசி லெமாக் சம்பல் தாடையில இருக்கு. தம்பி, அந்த ராக்கெட்ட எடுங்க. மூணாவது தடவ கூப்புடுறதுக்குள்ள ஓடுங்க. இருங்க, ஷூ லேஸு அவுந்திருக்கு.

– நான் கட்டிக்கிறேன்.

– வேணாம். நீங்க குனிஞ்சா மறுபடி எதயாச்சும் வேண்டி வப்பீங்க. நானே கட்டுறேன்.

*

– அக்கா, இப்புடி வந்து உக்காருங்க. இங்கேர்ந்து ஸ்கோர் தெரியும்.

– எவ்ளோ தம்பி?

– மொத கேம் ஹைதர் பாய் எடுத்துட்டாரு. ரெண்டாவது அண்ணன் எடுத்துட்டாரு. இது மூணாவது, பதினாறுக்குப் பதினாறு. நான் யாருக்குக் கை தட்டுறதுன்னே தெரியலக்கா. அண்ணன் ஒரு பாயிண்ட் எடுத்தா கை தானாத் தட்டுது, உடனே கைய இழுத்து மடக்கிக்கிறேன்.

– தட்டுங்க தம்பி. நல்லாத் தட்டுங்க.

– ஆடுறாருக்கா. மூணு வருஷத்துல நான் இப்புடிப் பாத்ததில்ல. ஹைதர் பாய் மொழங்காலயும் மீறி ஓடி ஓடி எடுக்குறாரு, அண்ணன் விட மாட்டேங்குறாரு. கடைசி ஆட்டம்னு நெனச்சு ஆடுறாரு போல. ஐயோ, விழுந்துட்டாரு! ம்ம், எந்திரிச்சுட்டாரு. பேனரப் பாத்துட்டு மூஞ்சிய வேற பக்கம் திருப்புறாரு.

– இப்ப எவ்ளோ?

– பதினெட்டு, பதினெட்டு. ஏங்கா, நீங்க மட்டும் எப்புடி இவ்ளோ நிதானமா இருக்கீங்க? அண்ணன் இத விட்டுட்டு வீட்டுல சும்மா உக்காந்திருப்பாருன்னு நெனச்சா உங்களுக்குக் கஷ்டமா இல்லயா?

– பத்து காவான் ஊருல என் தங்கச்சி புது வீடு கட்டி குடி போயி ரெண்டு வருஷம் ஆவுது தம்பி. இவரு இன்னும் அந்த வீட்டு வாசல மிதிக்கல. ஞாயித்துக்கிழமயானா லீக்கு, ஃப்ரெண்ட்லி, இல்லாட்டி ராக்கெட்டுக்கு நரம்பு மாத்தணும். ரெண்டு பேரும் ஒன்னா உக்காந்து ஒரு ஞாயித்துக்கிழம பசியாறுனதில்ல. நான் ஒருத்தியா தோச சுட்டு நானே தின்னுட்டு தட்டக் கழுவி வப்பேன். கஷ்டம்னா அதுதான் கஷ்டம்.

– அத நீங்க அண்ணன்கிட்டச் சொன்னதே இல்லயா?

– சொன்னேன். சமாளிக்கக் கத்துக்கோ, மைண்ட ஸ்ட்ராங்கா வச்சிக்கோன்னு சொன்னாரு.

– ஹ்ம். வாட்ஸ்அப்லயும் போட்டாரு அத. சிங்கம் படத்தோட.

– எனக்கும் வந்துச்சு.

– அக்கா! பத்தொம்பது! ஹைதர் பாயும் பத்தொம்பது! இந்தா, இந்தா, ஐயோ, நெட்டுல பட்டு அந்தப் பக்கம் விழுந்துருச்சு! இருபது! நம்ம அண்ணனுக்கு மேட்ச் பாயிண்ட்! ஏங்கா, இந்த நேரத்துல கண்ண மூடிக்கிட்டு என்னா முணுமுணுக்கிறீங்க?

– சத்தம் போடாதீங்க தம்பி, வேண்டுதல மாத்திக்கிட்டு இருக்கேன்: வெறுத்துப் போயாச்சும் ஆட்டத்த விடுவாருன்னு மூணு வருஷமா இந்த மனுஷன் ஃபைனல்ல தோக்கணும்னு தைப்பூசத்துக்கு ரதத்துக்கு முன்னால இருபத்தோரு தேங்கா ஒடச்சேன், முருகனும் தவறாம செஞ்சு குடுத்தான், இந்த ஒரு பாயிண்ட மட்டும் இவருக்குக் குடுத்துட்டான்னா நூத்தியெட்டு ஒடைக்கிறேன்.