மொட்டை மாடி விளிம்பில் பேனலைப் பிடித்துக்கொண்டு நின்றது தொடர்பாக

பெயர் அழகுபாண்டி, வயது 39, தந்தை பெயர் முத்துப்பாண்டி. கதவு எண் 14, குழாயடிச் சந்து, செல்லூர், மதுரை. இன்று 22.07.2025 மாலை 6.30 மணிக்குக் காவல் நிலையத்தில் ஆஜராகி, சார்பு ஆய்வாளர் அவர்கள் விசாரித்ததன்பேரில் கூறுவதாவது.

நான் மேற்படி முகவரியில் சொந்த வீட்டில் என் மனைவி பாண்டிமீனாவுடன் குடியிருந்து வருகிறேன். கீழே நாங்கள் இருக்கிறோம். மாடி அறையில் என் மனைவி மூன்று தையல் மெஷின் போட்டு நைட்டி தைத்துக் கொடுக்கிறார். அதற்கு மேல் மொட்டை மாடி. நான் பழங்காநத்தத்தில் ஒரு எலக்ட்ரிக்கல் கடையில் கவுன்டரில் வேலை பார்க்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் சோலார் பேனல் மாட்டும் வேலை பார்த்தேன். 2023 மார்ச் மாதம் ஒரு குடோன் கூரையில் வேலை செய்தபோது சிமென்ட் ஷீட் உடைந்து கீழே விழுந்ததில் எனக்கு வலது தொடை எலும்பு முறிந்தது. ஆறு மாதத்தில் கால் சரியாகிவிட்டது. ஆனால் அதன் பிறகு என்னால் உயரத்தில் ஏற முடியவில்லை. வீட்டுப் படியிலேயே நாலாவது படிக்கு மேல் கால் நடுங்கும், உள்ளங்கை வேர்த்துவிடும். இரண்டு வருடம் நான்கு மாதமாகத் துணி காயப்போடுவதும் தண்ணீர் டேங்க் பார்ப்பதும் என் மனைவிதான். ஏன் ஏறவில்லை என்று அவர் என்னிடம் ஒரு நாளும் கேட்டதில்லை.

எங்கள் மொட்டை மாடியில் ஆறு பேனல் மாட்ட என் மனைவி மின் வாரியத்துக்கு எழுதிப் போட்டு, போன வாரம் அனுமதி வந்தது. இன்று காலை அவர் தன் தாயாருக்குக் கண் ஆபரேஷன் செய்து கட்டுப் பிரிக்கிறார்கள் என்று சோழவந்தானுக்குப் போய்விட்டார். நான் கடைக்கு லீவு சொல்லிவிட்டு வீட்டில் இருந்தேன். ஒன்பது மணிக்கு என்னோடு முன்பு வேலை பார்த்த சோணைமுத்துவும், அவர் டீமில் உள்ள சத்யப்ரியாவும் வந்து வேலையைத் தொடங்கினார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாய்மானம் சரியா, எர்த் கம்பி விட்டாயா என்று கீழிருந்தே கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்கு சோணைமுத்து, "மாப்ள, வாய மட்டும் மாடிக்கு அனுப்பாத, பேசாம உக்காரு" என்றார்.

மதியம் 2.30 மணிக்குள் ஐந்து பேனல் மாட்டிவிட்டார்கள். ஆறாவது பேனலை இறுக்கும் கிளாம்ப் குறைந்ததால், அதைக் கயிற்றால் கட்டி மேலே நாலு செங்கல் வைத்துவிட்டு, இருவரும் பைக்கில் கிளாம்ப் எடுத்துவரப் போனார்கள்.

அதன் பிறகு சுமார் 3.15 மணிக்குக் காற்று பலமாக அடித்தது. ஆடிக் காற்று வழக்கம்தான் என்று இருந்தேன். அப்போது ஒரு செங்கல் சந்தில் வந்து விழுந்தது. அண்ணாந்து பார்த்தபோது ஆறாவது பேனல் கயிற்றை அறுத்துக்கொண்டு, ஒரு முனை தூக்கி, கைப்பிடிச் சுவரில் அடித்துக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே குழாயடியில் ஐந்தாறு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். பக்கத்தில் கனகா என்பவர் பணியாரக் கடை போட்டிருந்தார். நான் சத்தம் போட்டேன். யாருக்கும் கேட்கவில்லை. அதன் பிறகு எப்படி ஏறினேன் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படியை எண்ணவில்லை. அவர்கள் மாடியில் விட்டுப்போன வேறொரு கயிற்றை இடுப்பில் கட்டி மறுமுனையை டேங்க் தூணில் முடிச்சுப் போட்டபோதுதான் நான் மேலே நிற்பது எனக்கே தெரிந்தது.

நான் கைப்பிடிச் சுவருக்கு வெளியே சாய்ந்து பேனல் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அதைக் கனகா பார்த்துவிட்டு, "அண்ணே, வேணாம்ண்ணே! அக்காவ ஒரு நிமிசம் நெனச்சுப் பாருங்கண்ணே!" என்று கத்தினார். நான், "சாகப் போகல தாயி, பேனலப் புடிச்சிருக்கேன்!" என்றேன். காற்றில் "சாகப் போ" என்பது வரைதான் கீழே கேட்டதாகப் பிறகு தெரிந்துகொண்டேன். உடனே அவர் 100க்குப் போன் செய்தார். பத்து நிமிடத்தில் சந்து நிறைந்துவிட்டது. எதிரில் உள்ள தறி ஷெட்டில் இருந்து துண்டு மூட்டைகளைக் கொண்டுவந்து எனக்கு நேர் கீழே மெத்தைபோல அடுக்கினார்கள். தீயணைப்பு வண்டி சந்துக்குள் நுழைய முடியாமல் மெயின் ரோட்டில் நின்றது.

அதன் பிறகு தலைமைக் காவலர் சிவபாண்டி மாடிக்கு வந்து பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எதுன்னாலும் பேசித் தீத்துக்கலாம். வீட்ல என்ன பிரச்சன?" என்று கேட்டார். நான், "பிரச்சன ஒண்ணுமில்லண்ணே. இந்த முனைய கொஞ்சம் புடிங்க, கை மரத்துப்போச்சு" என்றேன். அவர் என்னையும் பேனலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பிடித்தார்.

அதே நேரத்தில் சோணைமுத்துவும் சத்யப்ரியாவும் திரும்பி வந்தார்கள். சோணைமுத்து பைக்குக்கு ஸ்டாண்டு போட மறந்து கீழே விட்டுவிட்டு, "மாப்ள! மேலயா நிக்கிற?" என்று கேட்டார். அவர் ஏறிவரப் பார்த்தபோது நான், "கிளாம்ப மட்டும் குடுத்து விடு, நானே மாட்டுறேன்" என்றேன். சத்யப்ரியா கிளாம்பும் ஸ்பேனரும் கொண்டுவந்து கொடுத்தார். நான்கு கிளாம்பையும் நானே முடுக்கினேன். கடைசி போல்ட் முடிந்ததும் கீழே இருந்தவர்கள் கை தட்டினார்கள். தற்கொலை இல்லை என்பது அப்போதுதான் அவர்களுக்கு உறுதியானது.

சுமார் 4.20 மணிக்கு என் மனைவி ஊரிலிருந்து வந்து, கூட்டத்தைப் பார்த்து ஓடி வந்தார். கனகா அழுதுகொண்டே, "அக்கா, அண்ணே மாடி மேல ஏறிட்டாருக்கா" என்று சொல்லியிருக்கிறார். அதற்கு என் மனைவி, "அவரா? தானாவா ஏறுனாரு?" என்று கேட்டுவிட்டு, துண்டு மூட்டை மேல் உட்கார்ந்து சிரித்ததாகவும், புத்தி பேதலித்துவிட்டது என்று பயந்து கனகா அவர் முகத்தில் தண்ணீர் தெளித்ததாகவும் அறிகிறேன். முகமெல்லாம் ஈரமாகத்தான் என் மனைவி மேலே வந்தார். என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றார். அதன் பிறகு இறங்கிப் போய், போலீஸாருக்கும் தீயணைப்பு வீரர்களுக்கும் தறி ஷெட்டுக்காரர்களுக்கும் டீ போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி மேலே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

எனக்குத் தற்கொலை எண்ணம் இல்லை. நான் மது அருந்தவில்லை. குடும்பத்தில் சண்டை எதுவும் இல்லை. கனகா நல்ல எண்ணத்தில்தான் போன் செய்தார். அவர் மீது எனக்குப் புகார் கிடையாது.

வேலை முடிந்த பிறகும், தலைமைக் காவலர் மூன்று முறை சொல்லியும், 5.30 மணி வரை ஏன் இறங்கவில்லை என்று சார்பு ஆய்வாளர் அவர்கள் கேட்கிறார்கள். எனக்கு இறங்க மனம் வரவில்லை. அங்கிருந்து வைகைப் பாலத்தில் ரயில் போவது தெரிந்தது. அது போய் முடிந்ததும் நான் எழுந்தேன். என் மனைவிதான், "இருங்க, இன்னொரு ரயிலு போகட்டும்" என்றார்.

இது நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. நடந்தது நடந்தபடியே உள்ளது, கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. அழகுபாண்டி