வால்வு போடாத வண்டி

“என் கார் வண்டிய நிறுத்தவே கூடாதுபா. நிறுத்தினா மறுபடி கெளம்ப அர மணி நேரம் ஆவுது.”

ராபர்ட்சன்பேட்டையில் கோலார் பஸ்ஸுக்கு எனக்கு முன்னால் இருவர் நின்றிருந்தார்கள். சொன்னவர் கையில் ஆஸ்பத்திரிக்குப் போகும் சாப்பாட்டுக் கூடை.

“இன்னா கோளாறுண்ணா?” என்றார் இளையவர்.

“நானே வேற பெட்ரோல் பம்பு மாட்டினேன். ஆஃப் பண்ணதும் பெட்ரோல் பூரா டேங்குக்கே திரும்பிடுது.”

“திரும்பாம தடுக்கற வால்வு போடலியா?”

“போடல.”

“இருவது வருஷம் தங்கச் சுரங்க ஷாஃப்டுல தண்ணி எறைக்கற பம்பு ஓட்டினவரு நீங்க. அங்க வால்வு இல்லாம உட்டிருப்பீங்களா?”

“அங்க கீழ ஆளுங்க வேல செஞ்சினு இருந்தாங்க. இது நம்ம வண்டிதானேன்னு உட்டுட்டேன்.”

பஸ் வந்தது. கூடையைத் தூக்கிக்கொண்டார்.

“நேத்து ஆஸ்பத்திரிக்குப் போற வழியில வண்டி நின்னுபோயி, பிரசவ வலியோட அந்த கார்ல அர மணி நேரம் ஒக்காந்துனு இருந்தது என் பொண்ணு.”