நிமிடத்துக்கு ஒரு வரி

ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்று யோசிக்கிறவர்களை எனக்குப் பிடிக்காது ஐயா. உள்ளே இருக்கிற குளிர் அத்தனையும் வெளியே போய்விடும். என் தம்பி அப்படித்தான் நிற்பான். வெளியூரில் வேலை. மாதம் ஒருமுறை அம்மாவுக்கு இன்சுலின் வாங்கிக்கொண்டு வருவான். நாலு பெட்டியை அடுக்கி வைக்க அவனுக்குப் பத்து நிமிடம் ஆகும். அம்மா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்பாள்.

மற்ற நாளெல்லாம் ஊசி போட்டது நான். காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. டிவி ரிப்பேர் கடையைப் பாதியில் பூட்டிவிட்டு ஓடி வருவேன். ஆனால் யார் வந்து விசாரித்தாலும் அம்மா சொல்வது ஒன்றுதான்: "சின்னவன் மருந்து வாங்கித் தரான், அதான் வண்டி ஓடுது." பெரியவன் என்று ஒருத்தன் வீட்டில் இருப்பதே அவள் வாயில் வராது. எனக்கு வயிறு எரியும். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

மருந்து கெடாமல் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கருவி செய்து ஃப்ரிட்ஜில் வைத்தேன், நல்ல எண்ணத்தில்தான். உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி ஒரு மைக்ரோகன்ட்ரோலர் போர்டு, மருந்துக்குப் பக்கத்தில் குளிரை அளக்க ஒரு சென்சார், ஒரு மெமரி கார்டு. எத்தனை மணிக்கு எத்தனை டிகிரி என்று நிமிடத்துக்கு ஒரு வரி கார்டில் எழுதும். ஒவ்வொரு வரியும் எழுதிய கையோடு பத்திரமாகிவிடும்படி செய்திருந்தேன். இல்லையென்றால் பேட்டரி தீரும்போது கடைசி வரிகள் காணாமல் போகும். புதிதாகச் செய்கிறவர்கள் இதில்தான் கோட்டை விடுவார்கள்.

முதல் மாதம் முடிந்ததும் எல்லா வரிகளையும் ஒரே படமாக அச்செடுத்து அம்மாவிடம் காட்டினேன். ஐந்து டிகிரியை ஒட்டியே ஓடுகிற கோடு. "உன் மருந்தை எப்படி வச்சிருக்கேன் பாரும்மா" என்றேன். அவள் தாளைக் கையில்கூட வாங்கவில்லை.

"எனக்கென்னடா தெரியும்? தம்பி வந்தா காட்டு. அவன் படிச்சவன், அவனுக்குப் புரியும்."

தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மறுநாள் காலை ஊசி போட்ட பிறகு ஃப்ரிட்ஜில் குளிரைக் கூட்டும் குமிழைக் கடைசி வரை திருப்பினேன். இந்த மருந்து உறையக் கூடாது என்று பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. உறைந்து உருகினால் பார்வைக்கு அப்படியேதான் இருக்கும், வேலை செய்யாது. சின்னவன் வாங்கித் தருவதில் ஒன்றுமில்லை என்று அவளுக்கு ஒரு தடவை தெரிந்தால் போதும் என்று நினைத்தேன். மத்தியானம் வந்து குமிழைப் பழைய இடத்தில் வைத்தேன். சாயங்காலம் நேரம் தவறாமல் ஊசி போட்டேன்.

சர்க்கரை ஏறியது. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். அம்மா ஓயாமல் தண்ணீர் கேட்டாள், கேட்டபோதெல்லாம் கொடுத்தேன். ஆனால் நான் நினைத்தது நடக்கவில்லை. "சின்னவனை வரச் சொல்லுடா, பாக்கணும்போல இருக்கு" என்றாள். அவன் புது மருந்தோடு வாரா வாரம் வர ஆரம்பித்தான். அதனால் நானும் வாரா வாரம் குமிழைத் திருப்ப வேண்டியதாயிற்று. ஒருமுறை அவன் மூன்று நாள் லீவு போட்டு அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவன் கிளம்பிப் போன அன்றே இரண்டு தடவை திருப்பினேன்.

குமிழை முதலில் திருப்பியதிலிருந்து நாற்பத்தோராம் நாள் அம்மாவுக்கு நினைவு தப்பியது. ஆஸ்பத்திரியில் கண் திறக்கவே இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு தம்பி கார்டைக் கேட்டான். "கார்டு கெட்டுப்போச்சுடா, ஒண்ணுமே பதிவாகல" என்றேன். அவன் அதோடு விட்டிருந்தால் நான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்க மாட்டேன். என் தோளைப் பிடித்துக்கொண்டு, "விடுண்ணே. நீ பொம்மை மாதிரி ஒண்ணு செஞ்சு வச்சே, அது என்ன பண்ணும்? நான்தான் நல்ல மெஷினா வாங்கிக் குடுத்திருக்கணும்" என்று அழுதான். வந்திருந்தவர்கள் அத்தனை பேரும் அவனைத்தான் தேற்றினார்கள்.

அதனால்தான் கார்டைக் கொண்டுவந்தேன் ஐயா. முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரு வரி விட்டுப்போகவில்லை. கோடு பூஜ்யத்துக்குக் கீழே இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் குமிழைத் திருப்பியது என் கை. அம்மாவைக் கொன்றது நான்தான். மெஷின் மேல் ஒரு தப்பும் இல்லை. தம்பியைக் கூப்பிட்டு இதைக் காட்டுங்கள். அவன் படித்தவன், அவனுக்குப் புரியும்.