நைனா சாவு

— காப்பி ஆறிடும், குடிங்கம்மா. ஆறு மணிக்கு மயிலாப்பூர் ஹால்ல என் புத்தக வெளியீடு. மேடையில நீங்க மூணே வாக்கியம் பேசினாப் போதும். "நான் மயிலை நைனாவின் மகள் அன்புக்கரசி. இந்த ஒலிநாடாவில் பாடுவது என் தந்தை. பேராசிரியர் மாணிக்கவாசகத்துக்கு என் நன்றி."

— மயிலை நைனாவா? யார் சார் வச்சாங்க அந்தப் பேர?

— நான்தான்.

— அவுரு பட்டினப்பாக்கம் சார்.

— பக்கந்தானேம்மா... மாம்பலத்துல பழைய பேப்பர் கடை, எடைக்குப் போட்ட கேசட்டு. மேல பேனாவுல ரெண்டே வார்த்தை, 'நைனா சாவு'. எனக்குப் புல்லரிச்சிடுச்சு. தன் சாவைத் தானே பாடின கலைஞன்! அமெரிக்காவுல கறுப்பின மக்கள் பருத்திக் காட்டுல பாடினாங்களே, ப்ளூஸ்னு... அங்கயும் இப்படித்தான். எவனோ ஒருத்தன் மூணு பாட்டு ரிகார்டு பண்ணிட்டுக் காணாமப் போயிருப்பான். இந்த சாவு வீட்டு கானாதாம்மா நம்ம ப்ளூஸ்!

— அங்கயும் பாடனது யாருன்னு கேக்காமலே பொஸ்தகம் போட்டுடுவாங்களா சார்?

— ஹஹ்... நைனாவோட நக்கல் அப்படியே இருக்கு உங்ககிட்ட!

— அவுருக்கு நக்கல் வராது. மீன்பாடி வண்டி ஓட்டிக்கினு இருந்தாரு. பாட்டும் வராது.

— என்னம்மா இது... நீங்கதானே போன்ல 'அது எங்க நைனா'ன்னு...

— 'அது எங்க நைனா சாவு டேப்பு'ன்னேன். நீங்க பாதியிலயே 'கிடைச்சுட்டாங்க, கிடைச்சுட்டாங்க'ன்னு கத்திக்கினு போன வச்சிட்டீங்க.

— அதான்... நைனா பாடின சாவுப் பாட்டு...

— அய்யே! நைனா செத்ததுக்குப் பாடனது சார். செத்தவரு எப்டி பாடுவாரு, பாடையில படுத்துக்கினா?

— ...முந்நூறு பக்கம் அச்சாகி வந்தாச்சும்மா.

— வரட்டுமே. மொத பக்கத்துல ஒரு சீட்டு ஒட்டுங்க.

— சரி, பாடினவர் யாரு? கூலிக்கு வந்த கானாக்காரரா? பேரச் சொல்லுங்க, அடுத்த பதிப்புல அடிக்குறிப்பு போட்டுடலாம்.

— கானாக்காரர் வந்தாரு. ஊத்திக்கினு வந்து வாசல்லயே வியுந்துட்டாரு. பாட்டு இல்லாமயா எடுப்பீங்கன்னு சொந்தக்காரங்க பேச ஆரம்பிச்சாங்க. நான் தண்ணி டிரம்மு மேல ஏறி நின்னேன். பதினாறு வயசு. பக்கத்து வூட்டு கலீமுல்லா பாய் துபாய்லேர்ந்து கொண்டாந்த டேப்ரிகார்டர்ல புடிச்சாரு. மேல பேனாவுல எயுதனதும் நான்தான்.

— நீயா? அது ஆம்பளக் குரல்!

— கட்டத்தொண்ட சார். ஸ்கூல்ல பிரேயருக்குக் கூட பாட வுடமாட்டாங்க. போன வாரம் எம்பொண்ணு போன்ல உங்க விளம்பரம். பாடறது என் தொண்ட... மேல உங்க மூஞ்சி. கண்ணகி நகர்லேர்ந்து திருவான்மியூர் வந்து, பஸ்ஸு மாறி அபிராமபுரம் வந்துக்கீறேன். பொன்னாடைக்கு இல்ல. சாயங்காலம் மைக்குல என் பேர சொல்லணும். அவ்ளோதான்.

— ஆதாரம் வேணும்மா. ஆராய்ச்சின்னா சும்மாவா? யார் வேணாலும் வந்து நான்தான் பாடினேன்னு சொல்லலாம்.

— ஆதாரம் கீது. மூணாவது பாட்டு முடியறப்ப எங்கம்மா குறுக்க பூந்து கூப்புடும். அத போடுங்க.

— அந்த இடத்துல வெறும் மௌனம்தான் இருக்கு. அதப் பத்தி மட்டும் பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கேன். 'மௌனம் என்னும் எதிர்ப்பு.'

— மௌனமா! தெருவே திரும்பிப் பாக்கற மாரி கத்துச்சு சார் அது.

— கத்தட்டுமே! 'போதும் எறங்குடி'ன்னு எவளோ ஒருத்தி கத்தினா, அது உங்கம்மாதான்னு எப்படி...

— சார்.

— என்ன?

— எங்கம்மா இன்னா சொல்லுச்சுன்னு நான் இன்னும் சொல்லவேயில்லியே.

— காப்பி ஆறிடுச்சு பாருங்க, வேற போடச் சொல்றேன்.

— சொல்லுங்க சார். ஹாலுக்கு நேரமாவுதில்ல?

— ...மூணு தரம் போட்டுக் கேட்டேம்மா. அந்த 'டி'க்காக அந்தக் கத்தலையே வெட்டச் சொன்னது நான்தான். ஆம்பள பாடினா ப்ளூஸ்... பொண்ணு அப்பன் சாவுக்குப் பாடினா ஒப்பாரின்னுட்டுப் போயிடுவாங்க. ஒப்பாரிக்கு எவன் முன்னுரை எழுதுவான்?