இரத்தம் எடுத்த இடமும் நேரமும்

தலைமை வகிக்கும் வைத்தியர் ஷரீப் அவர்களே, முன்வரிசையில் பிள்ளைகளோடு அமர்ந்திருக்கும் திருமதி கௌரி நவரத்தினம் அவர்களே, பயத்தை மீறி இந்த அஞ்சலிக் கூட்டத்துக்கு வந்திருக்கும் சபையோரே, வணக்கம். வெளியே இராணுவ ஜீப் நிற்கிறது.

கலாநிதி நவரத்தினம் யார்? யானைக்கால் நோயைத் தரும் புழுவின் மரபணுவைக் கணினியில் வாசித்தவர்! நாலே நாலு எழுத்துகள் லட்சக்கணக்கில் மாறி மாறி வரும். எந்த இடத்துப் புழு மருந்துக்கு அடங்காது என்று அதில் தேடும் கணினிச் செய்நிரலை, வெள்ளவத்தை வீட்டில் இருந்தே எழுதியவர். முகத்துவாரத்து இராமலெட்சுமி அம்மா வீங்கிய காலைக் காட்ட வெட்கப்பட்டபோது, தரையில் அமர்ந்து, "காலில பிழையில்லை அம்மா, புழுவிலதான் பிழை" என்றவர். அப்படி ஒரு மனிதரை இனி எங்கே தேடுவோம்?

மார்ச் மாதம் சோதனைச் சாவடியில் அவருடைய பையைத் திறந்தார்கள். அவரோடு இரத்த மாதிரி சேகரித்த நானும் கூட நின்றேன். தாள் முழுக்க அந்த எழுத்துகள். ஒவ்வொரு வரிசைக்கும் மேலே ஒரு தலைப்பு: 'துறைமுக வாசல் 3, இரவு 10.40.' 'முகத்துவாரம் 11, இரவு 11.15.' அந்தப் புழு இரவில்தான் இரத்தத்தில் ஓடும். இரத்தம் எடுத்த இடமும் நேரமும் அவை. யுத்தகாலத்தில் பார்ப்பவனுக்கு என்ன தோன்றும்? குண்டு வைக்கும் இடமும் நேரமும் என்றுதானே!

"மேக லிவ்வே கவுத?" யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார்.

தான்தான் என்று நவரத்தினம் சிங்களத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீர் போம், சிவக்கொழுந்து. கௌரியிட்ட சொல்லும்" என்றார்.

நான் போனேன். பதினாறு நாள் அவரை வைத்திருந்தார்கள். நெஞ்சு நோகுது என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லையாம். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இறந்துவிட்டார்.

சபையோரே, அந்தத் தலைப்புகளை இட்டவன் நான்! "வெறும் இலக்கம் போதும், இடம் வேண்டாம்" என்று அவர் இரண்டு தரம் சொன்னவர். தேட லேசு என்று பிடிவாதம் பிடித்தவன் நான். கௌரி, இதைச் சொல்ல உங்கள் கேற் வாசல்வரை ஐந்து தரம் வந்து, பயத்தில் திரும்பிவிட்டேன்.

அவருடைய பெயர் இன்னும் அவர்களுடைய விசாரணைக் கோப்பில் சந்தேகநபராகக் கிடக்கிறது. நாளை சட்டத்தரணியோடு போய் என் வாக்குமூலத்தைக் கொடுப்பேன். திரும்பி வருவேனா, தெரியாது. அவருடைய செய்நிரலை ஆறு சீடி இறுவட்டுகளில் எழுதிக் கொண்டுவந்திருக்கிறேன். பணியைத் தொடர்வோம் என்று நான் மட்டும் சொல்லி என்ன பயன்? பயமாக இருந்தால் பரவாயில்லை, எழும்பி வாருங்கள். யார் முதலில் வாங்குகிறீர்கள்?